கோஸ் பீப்பாயின் மேல் ஒன்பது மணி நேரம்

ரெல்லிங்கன் ஊர் நிக்கெல் ஃபெல்லிங்கர் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருடமாகச் சொல்லவில்லை. அந்த ஒருவர் ஒன்றும் கடல் தாண்டிப் போய்விடவில்லை. ரெல் ஆற்றுக்கு அக்கரையில், நிக்கெலின் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கொடியில் என்ன துணி காய்கிறது என்று சொல்லிவிடக்கூடிய தூரத்தில்தான் ஓடீல் அம்மாள் குடியிருந்தார். நடுவில் ஒரு பாலம். பாலத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் பிரான்ஸ். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே வசவு.

நன்றிக்கான காரணம் 1993-ஆம் வருடத்து வெள்ளம். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது ஆறு படுக்கையை விட்டு எழுந்து ஊரைப் பார்க்க வந்தது. ஆட்டுக் கொட்டகையைத் திறந்துவிடப் போன நிக்கெலைத் தண்ணீர் வளைத்துக்கொண்டது. அவர் வால்நட் மரத்தில் ஏறினார். லிஸ்பெத் என்கிற ஆடும் ஏறியது. ஆடு எப்படி மரமேறும் என்று கேட்கிறவர்கள் அந்த வெள்ளத்தைப் பார்த்ததில்லை. இருவரும் ஒரே கிளையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாவது மணியில் தண்ணீர் நிக்கெல் உட்காருகிற இடத்தைத் தொட்டது.

அப்போதுதான் அக்கரையிலிருந்து ஓடீல் வந்தார். பன்றி அறுக்கிற நாளில் வெந்நீர் ஊற்றி மயிர் களைவதற்கு வீட்டுக்கு வீடு ஒரு மரத்தொட்டி இருக்கும். அந்தத் தொட்டியில் நின்றுகொண்டு, சாணம் அள்ளும் முள்வாரியில் தன் ஏப்ரனை இறுகக் கட்டித் துடுப்பாக்கி, அடித்துப் போகிற வெள்ளத்தில் நேர்கோடாக வந்து சேர்ந்தார். தொட்டியில் அவரைத் தவிர இன்னும் ஒருவருக்குத்தான் இடம். மேலே பார்த்தார். ஆட்டை இறக்கினார்.

"ஓடீல், நான் இங்க இருக்கேன்!"

"தெரியுது. ஆடு பயந்து போயிருக்கு. உனக்குக் கத்துற தெம்பு இருக்கு. இரு, வர்றேன்."

ஆட்டைக் கொண்டுபோய், துடைத்து, வைக்கோல் போட்டு, சூடாகத் தவிட்டுக் கஞ்சி வைத்துவிட்டு நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார். அதற்குள் நிக்கெல் மரமேறிச் சரியாக ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. கரையேறியதும் நிக்கெல் நன்றி சொல்ல வாயைத் திறந்ததென்னவோ உண்மை. பல் தந்தியடித்ததால் கொஞ்சம் தாமதமாயிற்று. அதற்குள் ஓடீல், கரையில் நின்ற பாதி ஊருக்குக் கேட்கும்படி, "ஆடாவது என் கையை நக்குச்சு" என்றார்.

ஊர் சிரித்தது. நிக்கெல் வாயை மூடிக்கொண்டார். பாலம் முங்கிக் கிடந்ததால் மூன்று நாள் ஓடீல் வீட்டிலேயே தங்கி, ஓடீல் புருஷனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஓடீல் வைத்த சூப்பைக் குடித்து, நன்றி சொல்லாமலேயே இருந்தார். அது லேசுப்பட்ட வேலை இல்லை.

லிஸ்பெத் அப்படி இல்லை. அடுத்த வருடத்திலிருந்து டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்குத் தானாகவே கிளம்பிப் பாலத்து வெள்ளைக் கோடு வரை போய், பிரான்ஸைப் பார்த்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பும். சாகிற வரை பதினோரு வருடம் இது நடந்தது. கோயில் கடிகாரத்தைக்கூட அதை வைத்துத்தான் சரிசெய்தார்கள்.

"ஆட்டுக்குத் தெரியுது" என்பார் நிக்கெலின் மனைவி கேத்தே, வருடத்துக்கு ஒரு தடவை. அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார். தேவையும் இல்லை.

அந்தப் பக்கத்து வீடுகளில் இலையுதிர் காலத்தில் முட்டைக்கோஸைச் சீவி, உப்புப் போட்டு, பீப்பாயில் இடித்து நிரப்பி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்பார்கள். கல்லின் கனத்தில் கோஸ் தன் தண்ணீரையே விட்டு, அதற்குள்ளேயே முங்கி, நாற்பது நாளில் புளித்துவிடும். கல்லை நடுவில் எடுத்தால் எல்லாம் கெட்டுப்போகும். மாட்டை இரவல் கொடுப்பார்கள், கோஸ் கல்லை மட்டும் கொடுக்க மாட்டார்கள். ஃபெல்லிங்கர் வீட்டுக் கல் சிவப்பு மணற்கல். ஓடீல் வீட்டுக் கல்லும் சிவப்பு மணற்கல்தான். இது தற்செயல் இல்லை. ஆதியில் இரண்டு குடும்பமும் ஒன்று. அண்ணன் தம்பி இரண்டு பேர் ஏர் ஓட்டும்போது ஒரு பெரிய கல் கிடைத்தது. பீப்பாய்க்கு அது எனக்குத்தான் என்று இருவரும் நின்றார்கள். கடைசியில் சம்மட்டியால் இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று போய்விட்டார்கள். அடுத்த வருடம் எல்லைக்கோடு போட வந்த அதிகாரிகள், இங்கே ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லாத ஓர் இடம் தயாராக இருக்கிறதே என்று ஆற்றிலேயே கோட்டைப் போட்டார்கள். சரித்திரம் படித்தவர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள். ரெல்லிங்கனில் யாரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்த வருடம் ஃபெல்லிங்கர் வீட்டில் ஒரு சின்ன மாறுதல். கோஸுக்கும் கல்லுக்கும் நடுவில் வைக்கிற பலகை பிளந்துவிட்டது. புதிதாக ஒன்று செய்யச் சொன்னார் கேத்தே. "எங்க தாத்தா பலகையா கேட்டார்?" என்றார் நிக்கெல். பலகை செய்ய அவருக்குச் சோம்பல், அவ்வளவுதான். கல்லை நேரே கோஸ் இலைமேல் வைத்துவிட்டார்.

அதே வருடம் நிக்கெலின் ஆற்றோரத்து வயலில் தொல்லியல் ஆய்வாளர் டாக்டர் ஸில்வி கெஸ்லர் குழி தோண்டிக்கொண்டிருந்தார். வயலுக்கு அடியில் ரோமர் காலத்துக் குளியல் கூடம் ஒன்று இருந்தது. வெந்நீர் அறை ஜெர்மனியில், தண்ணீர்த் தொட்டி ஆற்றுக்கு அக்கரையில் பிரான்ஸில். அதனால் ஒவ்வொரு ஓட்டுத் துண்டுக்கும் இரண்டு பாஷையில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மத்தியானச் சாப்பாடு மட்டும் படிவம் இல்லாமல் கேத்தேயின் சமையலறையில்.

நவம்பர் மாதம் புதன்கிழமை ஒன்றில் புதுப் பீப்பாயைத் திறந்தார்கள். மேல் இலையைக் கேத்தே எறிய மாட்டார். அதில் பன்றி இறைச்சியை வைத்துச் சுருட்டி வேகவைப்பார். ஸில்வி தன் தட்டில் இருந்த சுருளைக் கத்தியால் பிரித்தார். பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா, புழுவா?" என்றார் கேத்தே பதறிப்போய்.

"புழு இல்ல. எழுத்து."

இலையில் விரல் தடிமனுக்கு எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன. எல்லாம் இடம் வலம் மாறி. ஸில்வி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து இலைக்கு நேராகப் பிடித்தார்.

"டாக்டரம்மா, கோஸுக்கு முகம் காட்றீங்களா?" என்றார் நிக்கெல்.

"ஐயா, உங்க கோஸ் லத்தீன் பேசுது. அந்தக் கல்லு எங்க?"

கல்லை முற்றத்தில் போட்டுத் திருப்பினார்கள். இருநூறு வருடமாகக் கவிழ்ந்தே கிடந்ததால் எழுத்து நேற்று வெட்டியது போல இருந்தது. ஸில்வி முழங்காலிட்டு விரலால் தடவிக்கொண்டே வாசித்தார். "சிரோனா தேவிக்கு. வண்டிக்காரன் சாட்டோ. தன் கோவேறு கழுதையும் தானும் பிழைத்ததற்காக."

"இருங்க, இருங்க. கழுதை முதல்லயா?" என்றார் நிக்கெல்.

"ஆமா. கழுதைதான் முதல்ல. அதுக்கப்புறம்தான் இவன்."

கேத்தே ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து வெகுநேரம் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை.

ஸில்வி விளக்கினார். ஊற்றுத் தண்ணீருக்கு அதிபதி சிரோனா. ஆபத்தில் மாட்டிக்கொண்டவன், பிழைத்தால் உனக்கு ஒரு கல் நடுகிறேன் என்று வேண்டிக்கொள்வான். பிழைத்த பிறகு நடுவான். இந்த மாதிரிக் கல்லில் கடைசி வரியாக நாலே நாலு எழுத்து இருக்கும். நேர்த்திக்கடனை மனதாரச் செலுத்தினேன், அவளுக்கு அது தகும் என்று அர்த்தம்.

"இதுல அந்த வரி எங்க?"

"உடைஞ்ச பாதியில போயிருக்கு. இதுல வேண்டிக்கிட்டது மட்டும்தான் இருக்கு."

"அப்ப அவன் செலுத்தலையா?"

"செலுத்தியிருப்பான். ஆனா இந்தக் கல்லை மட்டும் வெச்சுப் பார்த்தா தெரியாது ஐயா."

நிக்கெலுக்கு அன்று மத்தியானத் தூக்கம் வரவில்லை. செலுத்தாத வேண்டுதல் ஒன்றைக் கொண்டுபோய்க் கோஸ்மேல் கவிழ்த்து வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டிருக்கிறோமே என்று புரண்டு படுத்தார். மறுபக்கம் புரண்டபோது கேத்தே கட்டிலருகே நின்றிருந்தார்.

"அடுத்த பாதி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஓடீல் வீட்டை வித்தாச்சு. சனிக்கிழமை பொண்ணு வந்து நான்சி பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போறா. இனிமே வரமாட்டா. அந்த வயசுல யாரு திரும்பி வர்றா?"

நிக்கெல் எழுந்து உட்கார்ந்தார். "சனிக்கிழமையா?"

"இன்னும் மூணு நாள். ஆட்டுக்கு இவ்வளவு அவகாசம் தேவைப்படல."

வியாழக்கிழமை அவர் மூன்று தடவை பாலத்துக்குப் போனார். மூன்று தடவையும் வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். மூன்றாவது தடவை அக்கரைத் தபால்காரி சைக்கிளை நிறுத்தி, "என்ன நிக்கெல் ஐயா, கோடு அதே இடத்துலதான இருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே கோணியைப் போர்த்தி, ஸில்வியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டார். ஸில்வியிடம் இரண்டு பாஷையிலும் படிவம் இருந்தது. நிக்கெலிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மட்டும் இருந்தது. அதுதான் கனத்தது.

ஓடீலுக்கு எழுபத்து நாலு வயது. வீட்டில் சாமான் எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தது. நிலவறையில் ஒரு பீப்பாய் மட்டும் தன் இடத்தில் நின்றது.

"நிக்கெல். வழி தவறி வந்துட்டியா?" என்றார் ஓடீல்.

"கல்லைப் பார்க்க வந்தேன்."

"என்னைப் பார்க்கன்னு சொல்லுவேன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். கல்லு நல்லா இருக்கு. நீ விசாரிச்சேன்னு அதுகிட்ட சொல்லிடறேன்."

ஸில்வி குறுக்கே வந்து விஷயத்தைச் சொன்னார். ஓடீல் டார்ச் விளக்கைக் கொடுத்தார். பீப்பாய்க்குள் உப்புநீருக்கு மேலே எழும்பி நின்ற சிவப்புக் கல்லின் பக்கவாட்டில் மூன்று எழுத்து தெரிந்தது. வி, எஸ், எல். நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் மூலை பெயர்ந்திருந்தது.

"இதையா கண்டுபிடிச்சீங்க? இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றார் ஓடீல். "எங்க பாட்டன் பூட்டன் பேரோட முதல் எழுத்து. அதனாலதான் எங்க வீட்டுல பிறக்கற பிள்ளைக்கெல்லாம் அந்த எழுத்துலயே பேர் வைக்கறது. எங்கப்பா வாலென்டீன். அத்தை சுஸான். சித்தப்பா லூயி. என் பொண்ணு வெரோனிக்."

"நீங்க ஓடீல் ஆச்சே?"

"நான் நாலாவது குழந்தை. நாலாவது எழுத்து உடைஞ்சு போச்சு. அதனால இஷ்டத்துக்கு ஒரு பேர் வெச்சுட்டாங்க."

ஸில்வி தர்மசங்கடத்தோடு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அம்மா, அது பேர் இல்ல. முதல் எழுத்து நேர்த்திக்கடன். ரெண்டாவது, செலுத்தினான். மூணாவது, மனசார."

"எங்கப்பா நேர்த்திக்கடனா? நாப்பது வருஷம் ரயில்வேயில வேலை பார்த்த மனுஷன்!"

"ஆனா இதே எழுத்து இந்த நாட்டுல ஆயிரம் கல்லுல இருக்கும்மா. இது அந்தக் கல்லோட பாதிதானான்னு சொல்லணும்னா, ரெண்டு உடைசலையும் பொருத்திப் பார்க்கணும். கல்லை வெளிய எடுத்தாதான் முடியும்."

"முடியாது" என்றார் ஓடீல். "முப்பதாவது நாள்தான் ஆகுது. இன்னும் பத்து நாள் இருக்கு. பீப்பாய் கல்லோட நான்சிக்கு வருது. அங்க கோஸை டப்பாவுல அடைச்சு விக்கறாங்களாம். நாட்டோட ஜனாதிபதியே வந்து நின்னாலும் நாப்பதுக்கு முன்னால கல்லு எந்திரிக்காது."

"வேற கனம் வெச்சா?"

"என்ன கனம்? சாமானெல்லாம் கட்டியாச்சு. இரும்பு வெச்சா கருத்துப் போகும். மரம் வெச்சா மிதக்கும். வேற கல்லு வெச்சா என்ன கல்லோ, எந்தச் சாக்கடையில கிடந்ததோ. எனக்குத் தெரிஞ்ச கனமா இருக்கணும்."

நிக்கெல் தன் கோட்டைக் கழற்றினார்.

"என் கனம் உனக்குத் தெரியும். தொட்டியில ஏத்தியிருக்கே."

ஓடீல் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஆட்டையும் ஆளையும் எடைபோட்ட அதே பார்வை. "அப்ப இருந்ததைவிட இருபது கிலோ கூடியிருக்கே" என்றார். பிறகு மாடிக்குப் போய், செத்துப்போன புருஷனின் சலவை செய்த கார்டுராய் கால்சட்டை ஒன்றையும், வெள்ளைத் துணி ஒன்றையும் கொண்டுவந்தார். கோஸின் மேல் துணியை விரித்து, கல்லை ஒரு பக்கம் தூக்குகிறபோதே நிக்கெலை இன்னொரு பக்கம் இறக்கினார்கள். அப்போது மணி எட்டு. கோஸுக்கு ஒரு விநாடிகூடக் கனம் குறையவில்லை. அது ஒன்றும் உணர்ந்திருக்காது.

"அரை மணி நேரம் போதும்" என்றார் ஸில்வி.

நூற்றாண்டுகளோடு புழங்குகிறவர்களின் அரை மணி நேரம் வேறு. கல்லைக் கழுவினார். காயவைத்தார். ஒவ்வொரு பக்கமும் படம் எடுத்தார், வரைந்தார், அளந்தார், தப்பாக அளந்துவிட்டோம் என்று மறுபடி அளந்தார். ஒரு நாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவர்கள் இன்னொரு நாட்டு அலுவலகத்தைக் கேட்கச் சொன்னார்கள். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

நிக்கெல் பீப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தார். முழங்கால் மார்பைத் தொட்டது. கூடிப்போன இருபது கிலோவுக்குக் கோஸ் தன்னிடம் இருந்த தண்ணீரையெல்லாம் விட்டது. உப்புநீர் அங்குலம் அங்குலமாக ஏறியது. பத்து மணிக்குப் பாதத்தை நனைத்தது. மத்தியானம் உட்காருகிற இடம் முழுக்க நனைந்துவிட்டது.

ஓடீல் எதிரே பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். "தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"அன்னிக்கு வந்த இடம் வரைக்கும்."

"கத்தலையே?"

"பழகிப் போச்சு."

ஓடீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கிழங்கைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். ஒரு மணிக்கு சூப் கொடுத்தார். அதே சூப். நிக்கெல் கிண்ணத்தை வாங்கி, குடித்து, திருப்பிக் கொடுத்தார். வார்த்தை தொண்டை வரை வந்து, சூப்போடு சேர்ந்து உள்ளே போய்விட்டது.

மூன்று மணிக்கு ஓடீல்தான் பேச்செடுத்தார்.

"அன்னிக்கு நான் ஏன் ஆட்டை முதல்ல ஏத்தினேன்னு தெரியுமா?"

"அது பயந்திருந்துச்சு. சொன்னியே."

"அது ஊருக்குச் சொன்னது. எனக்கு நீந்தத் தெரியாது நிக்கெல். இன்னிக்கும் தெரியாது. அந்தத் தொட்டி ரெண்டு பேரைத் தாங்குமான்னும் தெரியாது. முதல்ல ஆட்டை வெச்சுப் பார்த்தேன். கவிழ்ந்தா நானும் ஆடும் போவோம். கவிழலைன்னா உன்னைக் கூட்டிக்கலாம்னு."

உப்புநீர் எங்கோ குமிழியிட்டது.

"நாப்பது நிமிஷம் எதுக்குன்னு நெனச்சே? ஆட்டுக்குக் கஞ்சி வெக்க அஞ்சு நிமிஷம் போதாதா? மறுபடி தொட்டியில ஏற எனக்குக் கால் வரல. கரையில நின்னு நடுங்கிட்டு இருந்தேன். அதை மறைக்கத்தான் அந்தக் கையை நக்கின பேச்சு."

இருபத்திரண்டு வருடமாக நிக்கெல் அந்த நாற்பது நிமிடத்தை ஓர் அவமானமாகவே பொத்தி வைத்திருந்தார். இப்போது அதைத் திருப்பிப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த பக்கத்தில் எழுத்து இருந்தது.

அவர் வாயைத் திறந்த அதே நேரம் முற்றத்திலிருந்து ஸில்வி கூவினார். "பொருந்துது! ஒரு மயிரிழை விடாம பொருந்துது!"

ஓடீலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கேத்தேயும் விஷயம் கேள்விப்பட்டுப் பாலம் தாண்டி வந்து பார்த்தார். பீப்பாயில் இருந்தவரால் மட்டும் போக முடியவில்லை. அவருக்காக ஸில்வி நிலவறைப் படியில் நின்று, மேலிருந்து கீழ்வரை முழுக் கல்லையும் வாசித்தார்.

"சிரோனா தேவிக்கு. வண்டிக்காரன் சாட்டோ. தன் கோவேறு கழுதையும் தானும் பிழைத்ததற்காக. நேர்த்திக்கடனை. செலுத்தினான். மனசார." அங்கே நிறுத்தினார். "நாலாவது எழுத்து இல்ல. அவளுக்கு அது தகும்னு வரணும். அந்தத் துண்டு மட்டும் கிடைக்கல. இருந்திருக்கணும்னு நாங்களாப் போட்டுக்கலாம். அடைப்புக்குறிக்குள்ள போடுவோம், எங்களுக்கு நிச்சயமில்லன்னு காட்ட."

"அடைப்புக்குறி வேண்டாம்" என்றார் நிக்கெல் பீப்பாய்க்குள்ளிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எனக்கு நிச்சயம்தான். தகும். நல்லாத் தகும்." அவர் ஸில்வியைப் பார்க்கவில்லை. "ஓடீல், அன்னிக்கு நீ வரலைன்னா நானும் இல்ல, ஆடும் இல்ல. நீந்தத் தெரியாம ரெண்டு தடவை வந்தே. நான் நீ கொடுத்த சூப்பைக் குடிச்சுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இருபத்திரண்டு வருஷம். நன்றி."

நிலவறையில் உருளைக்கிழங்கு ஒன்று உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. கேத்தே அதை எடுக்கிற சாக்கில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதைச் சொல்ல நீ தண்ணியில உட்காரணும் போலிருக்கு" என்றார் ஓடீல். குரல் வழக்கம்போல இல்லை. "மணி என்ன?"

"அஞ்சு."

காலை எட்டிலிருந்து மாலை ஐந்து. எண்ணிப் பார்த்தால் ஒன்பது மணி நேரம். வால்நட் மரத்தில் இருந்ததைவிட ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரெல்லிங்கனில் இதை யாரும் ஆச்சரியமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஓடீல் கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தார். பதிலுக்கு ஸில்வி, குளியல் கூடத்து இடிபாட்டிலிருந்து எழுத்தில்லாத ரோமர் காலத்துக் கல் ஒன்றைச் சுத்தமாகத் தேய்த்துக் கொடுத்தார். எங்கே கிடந்தது என்று தெரிந்த கல் என்பதால் ஓடீல் மறுக்கவில்லை. இரண்டு பாஷையில், மூன்று பிரதியில் படிவம் எழுதப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில் 'கோஸ்' என்று போட்டு எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள்.

புதுக் கல் ஒரு பக்கம் இறங்கியது. நிக்கெல் இன்னொரு பக்கம் ஏற வேண்டும். ஏற முடியவில்லை. இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போய், பீப்பாய் வாயில் தக்கை மாதிரி இறுகிவிட்டார். கேத்தே இழுத்தார், ஸில்வி இழுத்தார், வரவில்லை.

"விலகுங்க" என்றார் ஓடீல். மூலைக்குப் போனார். கட்டாத சாமானில் மிச்சமிருந்தது சாணம் அள்ளும் முள்வாரி ஒன்றுதான். அதன் பிடியை நிக்கெலின் அக்குள்களுக்கு அடியில் குறுக்காகக் கொடுத்தார்.

"ஓடீல், பார்த்து!"

"கத்தாதே. இந்தத் தடவை ஆடு இல்ல. உன்னைத்தான் முதல்ல இறக்கணும்."

ஒரே நெம்பு. நிக்கெல் உப்புநீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தார். கால் தரையைத் தொடுவதற்கு முன்பே, காற்றிலிருந்தபடியே, "நன்றி" என்றார். இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை.

சனிக்கிழமை வெரோனிக்கின் கார் பீப்பாயோடும் ஓடீலோடும் நான்சிக்குப் போயிற்று. டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி மத்தியானம் நிக்கெல் தொப்பியைப் போட்டுக்கொண்டு பாலத்து வெள்ளைக் கோடு வரை போய், நான்சி இருக்கிற திசையைப் பார்த்து ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். அதற்கடுத்த வருடமும் போனார். கோயில் கடிகாரத்தை இப்போது மறுபடி அதை வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். ஆட்டைவிட இரண்டு நிமிடம் தாமதம் என்று ஊரில் ஓர் அபிப்பிராயம் உண்டு.